முன்னிற்கும் பெயர்: ‘இந்திரா’வும் தில்லித் தமிழ்ப் புனைகதையும்

முன்னுரை

படைப்பாளியின் பெயர் நூலின் முகப்பில் நிற்கிறது. ஆயினும் திறனாய்வு அதனை ஒரு பொருளாகக் கொள்வதில்லை. புனைபெயர் என்றால், ‘இன்னார் இயற்பெயர் இது’ என்று ஓர் அடைப்புக்குறிக்குள் கூறி அமைந்துவிடுகிறோம். அப்பெயர் வடசொல்லாயின் இரண்டு வழக்கமான எதிர்வினைகள் எழுகின்றன. ஒன்று, வேர்ச்சொல் கூறி விலக்குதல். மற்றொன்று, வேர்ச்சொல் கூறிப் போற்றுதல். இரண்டும் சொல்லின் பிறப்பையே நோக்குகின்றன; அச்சொல்லைப் பெயராகத் தாங்கியவர்களை நோக்குவதில்லை. பெயர் அகராதிச் சொல் மட்டுமன்று. அதனைத் தாங்கியவர் ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பொருளைச் சேர்த்துச் செல்கின்றனர்.

இக்கட்டுரை ‘இந்திரா’ என்னும் ஒரு பெயரை எடுத்துக்கொள்கிறது. தில்லியில் வாழ்ந்து தமிழ்ப் புனைகதையில் நிலைபெற்ற ர. பார்த்தசாரதி, தம் மனைவியின் பெயராகிய இந்திராவை முன்னிறுத்தி ‘இந்திரா பார்த்தசாரதி’ என எழுதினார். அப்பெயரின் சொல்நிலை, இலக்கணநிலை, புனைவுநிலை ஆகிய மூன்றையும் ஆராய்ந்து, முன்னிற்கும் பெயர் படைப்பில் என்ன செய்கிறது, எதனைச் செய்யாது விடுகிறது என்பதைக் காண்பதே இதன் நோக்கம். இப்பெயர் வழங்கிய சூழலை அறிய, தில்லித் தமிழரின் தொடக்கக் குடியிருப்புகளுள் ஒன்றான கோல் மார்க்கெட் பகுதியிலிருந்து தொடங்குவது பொருந்தும்.

கோல் மார்க்கெட்: பெயர்கள் மாறும் களம்

1911ஆம் ஆண்டு திசம்பரில் நடந்த தில்லி தர்பாரில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. கல்கத்தாவிலிருந்து அலுவலகங்கள் பெயர்ந்தபோது எழுத்தர்களும் கணக்கர்களும் உடன் வந்தனர். வங்காளியர் பெருந்தொகையினராக வந்தனர். ஆங்கிலக் கல்வி பெற்ற தமிழரும் தொடர்ந்து வந்து சேர்ந்தனர். அவர்களுக்கென எழுந்த அரசுக் குடியிருப்புகளின் நடுவே 1921இல் கட்டப்பட்ட அங்காடியே கோல் மார்க்கெட். பன்னிரண்டு பக்கங்களை உடைய கட்டடம். அதனைச் சுற்றி வட்டச் சாலை. ‘கோல்’ என்பது வட்டத்தைக் குறிக்கும் இந்திச் சொல். வடமொழியில் ‘கோல’, நாம் ‘கோளம்’ என வழங்குவதும் அச்சொல்லே. தமிழெழுத்தில் எழுதினால் ஊன்றுகோலும் செங்கோலும் நினைவுக்கு வருகின்றன. ஒலி ஒன்றாகவும் பொருள் வேறாகவும் அமையும் இந்நிலை பின்னர் ‘இந்திரா’வை நோக்கும்போதும் எதிர்ப்படும்.

இப்பகுதியின் பெயர்கள் ஒரு காலத்தில் நிலைத்து நின்றவை அல்ல. குடியிருப்புத் தொகுதி இன்றும் ‘டி.ஐ.இசட். பகுதி’ எனப்படுகிறது, ‘தில்லிப் பேரரசு மண்டலம்’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. பேரரசு நீங்கியபின்னும் அதன் முதலெழுத்து நிற்கிறது. அருகிலுள்ள ரீடிங் சாலை, மந்திர் மார்க் ஆயிற்று. 1923இல் ‘மதராசி’ என்னும் அடைமொழியுடன் தோன்றிய கல்விக் கழகம், பின்னர் ‘தில்லித் தமிழ்க் கல்விக் கழகம்’ எனப் பெயர் கொண்டது. அதன் பள்ளிகளுள் ஒன்று மந்திர் மார்க்கில் உள்ளது. பிறர் இட்ட பெயரிலிருந்து தாமே ஏற்ற பெயருக்கு ஒரு சமூகம் நகர்ந்ததற்கு இது சான்று.

அதே சாலையில்தான் பிர்லா குடும்பத்தார் எழுப்பிய லட்சுமி நாராயண் கோயில் உள்ளது. எல்லாச் சாதியாரும் நுழையலாம் என்னும் உறுதியின்மேல் 1939இல் காந்தியடிகள் அதனைத் திறந்துவைத்தார். வங்காளியரின் காளி கோயிலும் அச்சாலையிலேயே அமைந்தது. தெய்வத்தின் பெயர், ஆட்சியாளரின் பெயர், இனத்தின் பெயர் ஆகிய மூன்றும் நடந்து கடக்கும் தொலைவுக்குள் மாறியும் மாறாமலும் நின்ற இடம் இது. தில்லித் தமிழர் தம் பெயரை எவ்வாறு எழுதுவது, எவ்வாறு உச்சரிக்கச் செய்வது என்பதை நாள்தோறும் எதிர்கொண்ட சூழல் இதுவே. தில்லியிலிருந்து எழுதிய தமிழ்ப் படைப்பாளரின் பெயர்த் தெரிவை இப்பின்னணியில் வைத்து நோக்க வேண்டும்.

இந்திரை, இந்திரா, இந்திரன்

‘இந்திரா’ என்பது திருமகளின் பெயர். அமரகோசம் இலக்குமியின் பெயர்களை அடுக்குமிடத்தில் பத்மா, கமலா, ஸ்ரீ முதலியவற்றோடு இந்திராவையும் கூறுகிறது. தமிழ் மரபில் அது ‘இந்திரை’ ஆயிற்று. வடமொழி ஆகார ஈறு தமிழில் ஐகாரமாகும் என்பது நன்னூல் பதவியலில் வடமொழியாக்கம் கூறுமிடத்தில் பெறப்படும் விதி. சீதா சீதை ஆனதும், மாலா மாலை ஆனதும் அவ்வழியே. ஆகவே இப்பெயருக்குத் தமிழில் இரு வடிவங்கள் உள. ‘இந்திரை’ செய்யுளுக்கும் நிகண்டுக்கும் உரியது. ‘இந்திரா’ இருபதாம் நூற்றாண்டின் பள்ளிப் பதிவேட்டுக்கும் குடும்ப அட்டைக்கும் உரியது. தமிழ் மரபுக்கு இசைந்த வடிவம் முன்பே இருந்தும் மக்கள் அதனைத் தெரிந்துகொள்ளவில்லை. இதனை வடமொழிச் செல்வாக்கு என்ற ஒற்றைத் தொடரால் விளக்கிவிட இயலாது. நிகண்டு வழி வந்த பெயரன்று இது. செய்தித்தாள் வழியும், தேசிய இயக்கத்தின் வழியும், அண்டை மாநிலத்தார் வழக்கின் வழியும் வந்த பெயர்.

மற்றொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. வடமொழியில் ‘இந்த்ர’ வேறு, ‘இந்திரா’ வேறு. இந்திரனின் துணைவி இந்திராணி, இந்திரா அல்லள். மரபிலக்கணத்தார் இரண்டையும் செல்வம், தலைமை என்னும் பொருளுடைய ஒரே வினையடியிலிருந்து வருவிப்பர். ஆயினும் வழக்கில் ஒன்று வானவர் தலைவனையும் மற்றொன்று திருமகளையும் சுட்டும். தமிழில் ‘ந்த்ர’ என்னும் மெய்ம்மயக்கம் இல்லை; இடையில் இகரம் தோன்றி ‘இந்திர’ என்றாகும். எனவே தமிழெழுத்தில் இரண்டும் ஒரே வடிவம் பெறுகின்றன. தமிழ் வாசகர் பலர் இந்திராவை இந்திரனின் பெண்பாலாகக் கொள்வதற்கு அறியாமை மட்டும் காரணமன்று; எழுத்து முறையும் காரணம்.

இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதும் அன்று. 1917 நவம்பர் 19 அன்று பிறந்த நேருவின் மகளுக்கு, மோதிலால் நேரு தம் தாயாரின் நினைவாக இப்பெயரை இட்டார் என்று வாழ்க்கை வரலாற்றாளர் எழுதுவர். அத்தாயாரின் பெயர் இந்திராணி. அங்கும் இந்திரன் துணைவியின் பெயர் திருமகளின் பெயராக மாறியே அடுத்த தலைமுறைக்குச் சென்றது. ஒரு மூதாட்டியின் பெயர் பேரனின் மகளிடம் சேர்கையில் தெய்வமே மாறிவிட்டது. உறவின் நினைவு மாறவில்லை. பெயர் வழங்குவதில் சொற்பொருளினும் உறவே வலியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பெயரியல் காட்டும் ஒழுங்கு

தொல்காப்பியச் சொல்லதிகாரம் பெயரியலில் இயற்பெயரை வகுக்கும்போது பெண்மை இயற்பெயர், ஆண்மை இயற்பெயர், பன்மை இயற்பெயர், ஒருமை இயற்பெயர் என நான்காகக் கூறுகிறது. இதன்படி ‘இந்திரா’ பெண்மை இயற்பெயர். ‘பார்த்தசாரதி’ ஆண்மை இயற்பெயர். இரண்டும் சேர்ந்து ஒருவரையே சுட்டும்போது, பின்னிற்கும் பெயரே பாலை முடிவு செய்கிறது. முன்னிற்கும் பெயர் அடையாகிறது.

இயற்பெயரும் சிறப்புப் பெயரும் ஒருவர்மேல் வருமிடத்து, இயற்பெயரை முன்வைத்துச் சொல்லார் என்பது கிளவியாக்கம் தரும் மரபு. ‘சோழன் கரிகாலன்’ என்பதே முறை. முன்னிடம் சிறப்புக்கு உரியது. குடி, ஊர், பட்டம், தொழில் ஆகியன அவ்விடத்தைப் பெறும். சங்கப் புலவர் பெயர்களில் தந்தையின் பெயரும் அவ்விடத்தைப் பெறுகிறது. ‘மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்’ என்பது யாவரும் அறிந்தது. கணவன் பெயரும் அவ்விடத்தைப் பெறும். புறநானூற்றின் 246ஆம் பாடலைப் பாடியவரைப் ‘பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு’ என்றே மரபு குறிக்கிறது. அங்குக் கணவன் பெயர் முன்னும், மனைவியைச் சுட்டும் பெயர் பின்னும் நிற்கின்றன. அவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவேயில்லை.

‘இந்திரா பார்த்தசாரதி’ இவ்வரிசையைத் திருப்பிவைக்கிறது. தந்தைக்கோ ஊருக்கோ உரிய முன்னிடத்தில் மனைவியின் இயற்பெயர் நிற்கிறது. தமிழ்ப் பெயரிடு மரபில் இது சிறிய மாற்றமன்று. தாய்வழியாகவும் தந்தைவழியாகவும் பெயர் வருவது பிறப்பால் வருவது. மனைவியின் பெயர் தெரிவால் வருவது. தன்னை அடையாளப்படுத்தும் முன்னொட்டை ஓர் ஆண் தன் திருமண உறவிலிருந்து பெறுகிறார் என்பதே இப்பெயரின் முதற்செய்தி.

தமிழின் உயர்வுப் பன்மை இதற்குத் துணைசெய்கிறது. ‘இந்திரா பார்த்தசாரதி எழுதினார்’ என்னும் தொடரில் வினைமுற்று பாலைக் காட்டுவதில்லை. இப்பெயரைப் பெண்ணெழுத்தாளரின் பெயராகக் கொள்ளவும் தொடர் இடந்தருகிறது. கணவன் பெயரைப் பின்னே சேர்த்துக்கொள்வது நகர்ப்புறப் பெண்களின் வழக்கமாதலின் அவ்வாறு கொள்வது இயல்புமாகும். இந்தியில் இது இயலாது. உயர்வுப் பன்மையிலும் ஆணுக்கு ‘லிக்தே ஹைன்’, பெண்ணுக்கு ‘லிக்தீ ஹைன்’ என்று பால் வெளிப்பட்டே தீரும். கோல் மார்க்கெட்டின் இந்தி பேசும் அண்டைவீட்டாருக்குத் தமிழ் எழுத்தாளர் ஒருவரை அறிமுகப்படுத்தும் முதல் வாக்கியத்திலேயே ஆணா பெண்ணா என்பது முடிவாகிவிடும். தமிழில் அதனை ஒத்திவைக்க முடிகிறது. அவ்விடைவெளியில்தான் இப்புனைபெயர் வாழ்கிறது.

திருவும் மாலும்

இனி, இரு பெயர்களும் இணைந்து தரும் பொருளைக் காண்போம். இந்திரா திருமகள், பார்த்தசாரதி கண்ணன், திருவல்லிக்கேணியில் உறையும் திருமால். ஆகவே ‘இந்திரா பார்த்தசாரதி’ என்னும் தொடர், மந்திர் மார்க் கோயிலின் ‘லட்சுமி நாராயண்’ என்னும் தொடரோடு பொருளால் ஒன்று. தமிழில் ‘திருமால்’ என்னும் சொல்லமைப்பும் அதுவே: திரு முன், மால் பின். திருவின் பெயரை முன்னிட்டே மாலின் பெயரைக் கூறுவது வைணவ மரபு.

ஆசிரியர் இதனை எண்ணியே பெயர் வைத்தார் என்பது ஈண்டுக் கருத்தன்று. மனைவியின் பெயர் இந்திரா. தம் பெயர் பார்த்தசாரதி. இரண்டும் தாமே இணைந்தன. ஆயினும் வைணவ மரபில் தோய்ந்து ‘இராமாநுஜர்’ நாடகம் எழுதி, அதற்காக 1999ஆம் ஆண்டுக்கான சரஸ்வதி சம்மான் பெற்ற ஒருவரின் பெயரில் இவ்வமைப்பைக் காணாது விடுதல் திறனாய்வுக்குக் குறையாகும்.

வைணவ உரைமரபில் திருமகளின் செயலைக் குறிக்கும் கலைச்சொல் ‘புருஷகாரம்’. பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசனபூஷணம் இதனை விரித்துரைக்கிறது. அடியவனை இறைவனிடம் சேர்ப்பிக்கும் பரிந்துரை பிராட்டியுடையது, சேருமிடம் இறைவன். அவளை முன்னிட்டே அணுக வேண்டும். எனினும் தென்கலையார் கொள்கைப்படி அவள் வழிசெய்பவளேயன்றி வழியாகாள். முன்னிற்கும் பெயரின் இலக்கணநிலையும் இதுவே. ‘இந்திரா’ வாசகரை அழைத்துச் சென்று பார்த்தசாரதியிடம் சேர்ப்பிக்கிறது, பின் விலகிக்கொள்கிறது. பெயர் முதன்மை பெறுகிறது. பெயருக்குரியவர் முதன்மை பெறுகிறாரா என்பது தனி வினா. அவ்வினாவுக்கான விடையைப் படைப்புகளில்தான் தேட வேண்டும்.

புனைவில் ஆண்மை என்னும் வேடம்

இந்திரா பார்த்தசாரதி சிறுகதை ஆசிரியராக அறிமுகமான 1960களில், தமிழ் வாசகர் நன்கறிந்த பார்த்தசாரதி ஒருவர் முன்னரே இருந்தார். ‘குறிஞ்சி மலர்’ ஆசிரியர் நா. பார்த்தசாரதி, ‘நா.பா.’ என அழைக்கப்பட்டார். பெயர் வேறுபாட்டுக்கு முன்னொட்டு தேவை என்பது வெளிப்படை. ஆனால் அத்தேவையை ஊர்ப்பெயரும் நிறைவு செய்திருக்கும். மனைவியின் பெயர் வந்தமையால் நேர்ந்த விளைவுகள் தனித்தன்மை உடையன.

முதல் விளைவு காலத்தால் வந்தது. 1966 சனவரியில் இந்திரா காந்தி தலைமை அமைச்சரானார். ‘தந்திர பூமி’ 1969இல் வந்தது. வங்கிகள் நாட்டுடைமையான, காங்கிரசு பிளவுபட்ட ஆண்டு அது. ‘சுதந்திர பூமி’ 1973இல் வந்தது. தில்லியின் அதிகார வட்டாரத்தை எள்ளிநகையாடும் இவ்விரு நாவல்களின் முகப்பில், அவ்வதிகாரத்தின் உச்சியில் இருந்தவரின் பெயரே ஆசிரியர் பெயராகவும் நின்றது. தந்திர, சுதந்திர, இந்திரா எனும் சொற்களின் ஒலியொப்புமை செவிக்குத் தானே புலப்படும். இல்லத்துக்கு உரியதாகத் தெரிவு செய்யப்பட்ட பெயர், ஆசிரியர் கையை மீறி, அரசியல் பொருளைத் தாங்கத் தொடங்கியது. பெயரைத் தாங்கும் மற்றொருவர், நம் பெயரின் பொருளையும் மாற்றிவிடுகிறார் என்பது இதனால் விளங்கும்.

இரண்டாம் விளைவு நுண்ணியது. ‘தந்திர பூமி’யின் தலைவன் கஸ்தூரி, தில்லியின் அமைச்சகங்களில் காரியம் சாதித்துத் தரும் மக்கள் தொடர்பாளன். கஸ்தூரிபாய் என்றும் கஸ்தூரிரங்கன் என்றும் இருபாலார்க்கும் வழங்கும் பெயர் அது. ‘சுதந்திர பூமி’யின் முகுந்தன் படித்த இளைஞன்; அரசியல்வாதி ஒருவரின் வீட்டு அடுக்களை வழியாக அரசியலுக்குள் நுழைகிறான். பெண்ணுக்குரியதெனக் கருதப்படும் அடுக்களையே அவனுக்கு அதிகாரத்தின் வாயிலாகிறது. 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘குருதிப்புன’லில் நிலவுடைமையாளர் கண்ணையா நாயுடுவின் கொடுமைக்கு, அவரது ஆண்மைக் குறையை மறைக்கும் முனைப்பு ஓர் உளவியற் காரணமாகக் காட்டப்படுகிறது. 1968 திசம்பரில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட வரலாற்று நிகழ்வை இவ்வாறு தனிமனித உளவியலாகச் சுருக்கலாமா என்ற கண்டனம் அந்நாவல்மீது எழுந்தது. அக்கண்டனம் நியாயமானது, வர்க்க, சாதிக் கொடுமைக்கு ஒருவரது உடற்குறை விளக்கமாகாது.

ஆயினும் இம்மூன்று நாவல்களையும் சேர்த்துப் படிக்கும்போது ஒரு தொடர்ச்சி தெரிகிறது. அதிகாரம் என்பது ஆண்மை என்னும் வேடம். அவ்வேடத்தைக் கலைத்துப் பார்ப்பதே இவ்வாசிரியரின் இடைவிடாத ஈடுபாடு. முகப்பில் பெண்மை இயற்பெயரை ஏற்ற ஒருவர் உள்ளே ஆண்மையின் வேடத்தை ஆராய்கிறார் என்னும் இயைபு கருதத்தக்கது. பெயர் இங்கு வெறும் அணியாக நில்லாமல் படைப்பின் நோக்கோடு ஒத்தியங்குகிறது.

அதே வேளையில் இந்நாவல்களின் பெண்கள் யாவர்? மீனாவும் சரளாவும் கூர்த்த மதியினர், நன்கு உரையாடுவர். ஆனால் கதையின் இயக்கம் ஆண் பாத்திரத்தின் எழுச்சியும் வீழ்ச்சியுமே. அவன் தன்னைக் காணும் கண்ணாடியாகவே அவர்கள் பெரிதும் நிற்கின்றனர். மேலே கூறிய புருஷகார நிலை புனைவிலும் தொடர்கிறது. பெண் வழிகாட்டுகிறாள், உண்மையை உரைக்கிறாள், விலகுகிறாள். ஆண்மையின் வேடத்தைக் கலைத்த எழுத்து, பெண்ணை முன்னிடத்திலிருந்து நடுவிடத்துக்குக் கொண்டுவரவில்லை. இதுவே அப்பெயர் காட்டும் எல்லை.

சுஜாதா: ஒட்டும் பெயரும் மாற்றும் பெயரும்

இதனோடு ஒப்பிடத்தக்கவர் சுஜாதா (1935-2008). எஸ். ரங்கராஜன் என்னும் இயற்பெயர் உடைய அவரும் 1960களில் தில்லியில் அரசுப் பணியில் இருந்தவர். அவரும் மனைவியின் பெயரை ஏற்றவர். ரா.கி. ரங்கராஜனிடமிருந்து வேறுபடுத்த வேண்டியிருந்தமை அதன் காரணம். ‘நற்பிறப்பினள்’ என்னும் பொருளுடைய அப்பெயரும் வடசொல்லே. ஆனால் அவர் ஒட்டவில்லை, மாற்றினார். ‘சுஜாதா’வில் ரங்கராஜன் இல்லை. அதனால் அப்பெயர் முழுமையாக அவருடையதாயிற்று. ‘சுஜாதா’ என்றதும் தமிழ் வாசகர் பலருக்கு ஓர் ஆணின் நடை நினைவுக்கு வருமளவு அதன் பால் மாறியது.

தில்லியிலிருந்து 1965இல் தொடங்கிய ‘கணையாழி’யில் அவர் ‘ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.’ என்னும் பெயரிலும் எழுதினார். வணிக இதழுக்கு மனைவியின் பெயர். சிற்றிதழுக்கு ஊரும் முதலெழுத்தும். ஒரே மனிதர் களத்துக்கேற்பப் பெயர் பூண்டார். இந்திரா பார்த்தசாரதியோ எல்லாக் களத்திலும் ஒரே பெயருடன் நின்றார். மாற்றிய பெயர் முதற்பெண்ணை முற்றும் மறைக்கிறது; ஒட்டிய பெயர் அவரை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. இவ்வேறுபாட்டைக் கருதாமல் இரண்டையும் ‘மனைவி பெயரில் எழுதியோர்’ என ஒரே வரியில் அடக்குதல் பொருந்தாது.

பெயரைப் புறத்தே வைத்தவர்

ஆண்கள் இப்பெயரை ஏற்றதைக் கண்டோம். பிறப்பாலேயே இப்பெயரைப் பெற்ற பெண் படைப்பாளர் அதனை என்செய்தார் என்பதைக் காண, தில்லிப் பல்கலைக்கழகத்தின் நவீன இந்திய மொழிகள் துறைக்குச் செல்ல வேண்டும். இந்திரா பார்த்தசாரதி தமிழ் கற்பித்த அத்துறையிலேயே அசாமிய மொழி கற்பித்தவர் இந்திரா கோஸ்வாமி (1942-2011). 2000ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது பெற்ற அவர், தம் மொழியில் எழுதிய பெயர் மாமோனி ரைசம் கோஸ்வாமி. ‘மாமோனி’ வீட்டில் அழைக்கும் செல்லப்பெயர். ஆண் எழுத்தாளர் ஏற்று முன்னிறுத்திய பெயரை, அதே பெயருடைய பெண் எழுத்தாளர் பதிவேட்டிலும் ஆங்கில நூல்களிலும் விட்டுவைத்து, தாய்மொழிக்கு வீட்டுப் பெயரைக் கொண்டார். அவருடைய வாசகர்களும் ‘மாமோனி அக்கா’ என்னும் பொருளில் ‘மாமோனி பைதேவ்’ என உறவு கூறியே அழைத்தனர்.

1984 அக்டோபர் 31 அன்று தலைமை அமைச்சர் இந்திரா காந்தி கொல்லப்பட்டதைத் தொடர்ந்து தில்லியில் சீக்கியர்மேல் நிகழ்ந்த வன்கொடுமையை நாவலாக்கிய படைப்பாளருள் இவர் ஒருவர். தில்லியில் வாழும் அசாமியப் பெண் ஒருத்தியின் குரலில், குருதியும் புழுதியும் படிந்த பக்கங்களாக அந்நாவல் விரிகிறது. ஓர் இந்திராவின் சாவுக்குப் பின் நேர்ந்த பேரழிவை மற்றோர் இந்திரா, ‘இந்திரா’ என்று ஒப்பமிடாமல் எழுதினார். இதனை ஆசிரியரின் திட்டம் எனக் கூற வேண்டியதில்லை. அவர் அப்பெயரை முன்பே கொண்டவர். ஆயினும் வாசிப்பில் இப்பொருத்தம் ஒரு பொருளைத் தருகிறது. அதிகாரத்தின் பெயரைத் தாங்காத குரலுக்கே அன்று தெருவின் துயரத்தை எழுத இடம் இருந்தது.

பெயரை மறைத்தல் என்னும் இக்கரு இப்பெயரின் இலக்கிய வரலாற்றில் முன்னரே உண்டு. 1873இல் வெளிவந்த பங்கிம் சந்திரரின் ‘இந்திரா’ என்னும் குறுநாவலில், கணவன் வீட்டுக்குச் செல்லும் வழியில் கொள்ளையரிடம் அகப்பட்ட இளம்பெண், கல்கத்தாவில் குமுதினி என்னும் பெயரில் சமையல் வேலை செய்கிறாள். தன்னை அடையாளம் காணாத கணவனை அப்பெயரிலேயே வென்று, பின்னரே இந்திராவாக வெளிப்படுகிறாள். கதையைக் கூறுபவளும் அவளே. ஆணாசிரியர் ஒருவர் இந்திரா என்னும் பெண்ணின் தன்மைக் கூற்றில் எழுதியது அது. எனினும் பங்கிமின் இந்திரா கதையின் நடுவில் நின்று தானே பேசினாள். முன்னிடமும் நடுவிடமும் ஒருங்கே பெற்ற இந்திரா அவள்.

தமிழ்நாட்டு மேடையிலும் இப்பெயரின் போக்கு இவ்வாறே. 1980ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலையொட்டி மு. கருணாநிதி இந்திரா காந்தியை ‘நேருவின் மகளே’ என விளித்து வரவேற்றது பரவலாக நினைவுகூரப்படுவது. நெருக்கடி நிலையின் நினைவு ஆறாத காலத்தில், பெயரைச் சொல்லாது தந்தையைச் சொல்லி அழைத்தல் ஓர் அரசியல் நயம். ‘கணக்காயனார் மகனார்’ என்னும் பழம் மரபு, பெயர் இடர்தரும் இடத்தில் கைகொடுத்தது. இயற்பெயரைக் கூறுதலும் கூறாது விடுதலும் ஒருசேர அரசியலே.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன: வடசொற் பெயர் ஒன்றின் பொருள் அதன் வேரில் முடிவதில்லை, தாங்குவோர்தோறும் வளர்கிறது. ‘இந்திரா’ தமிழெழுத்தில் இந்திரனோடு கலந்தது. தில்லியில் ஆட்சியோடு கலந்தது. தமிழ்ப் புனைகதையில் ஓர் ஆணின் முன்னொட்டாயிற்று. ஆண் ஏற்றபோது அது அடையாளத்தை விரித்தது; பெண் விலக்கிவைத்தபோது அவ்விலக்கமே அவருக்கு உரிமையாயிற்று. ஏற்றலும் விலக்கலும் ஒரே பெயருக்கு நேர்ந்தமையால், பெயரைத் தெரியும் உரிமை இருபாலார்க்கும் ஒன்றுபோல் அமையவில்லை என்பது தெளிவாகும்.

இதில் திறனாய்வாளருக்கும் பங்கு உண்டு. ‘இந்திரா பார்த்தசாரதி’யை நாம் ‘இ.பா.’ என்று எழுதிப் பழகிவிட்டோம். தமிழ் வழக்கில் முன்னெழுத்து தந்தைக்கு உரியது. அங்ஙனம் சுருக்கும்போது மனைவியின் பெயர் தந்தை பெயரின் இடத்தில் ஓர் எழுத்தாக ஒடுங்குகிறது. மரபைத் திருப்பிய பெயர் மீண்டும் மரபுக்குள் அடங்குகிறது. ஆசிரியர் விரித்து எழுதிய பெயரை ஆய்வாளர் சுருக்கி எழுதுதல் தகாது. ஆய்வேடுகளிலும் பாடநூல்களிலும் இப்பெயர் முழுமையாக எழுதப்பட வேண்டும்.

நெடுநாள் பூட்டிக் கிடந்த கோல் மார்க்கெட் கட்டடத்தை இந்தியப் பெண் சாதனையாளர்க்கான அருங்காட்சியகமாக்கும் திட்டம் 2023இல் வகுக்கப்பட்டது. ஆட்சி செய்தவராகவோ எழுதியவராகவோ ‘இந்திரா’ என்னும் பெயருடையார் ஒருவரேனும் அத்தகைய பட்டியலில் இடம்பெறுவது இயல்பு. நூல்முகப்புகளில் பெயராக மட்டும் நின்ற பெண்களுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. தமிழ்ப் புனைபெயர்களின் வரலாறு எழுதப்படும்போது அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.